அட்டை கேட்கும் மாநிலம், அட்டை கேட்காத மாநிலம்

கலிஃபோர்னியாவில் ஒருவர் உங்கள் வீட்டின் பின்கட்டில் கூடுதலாக ஓர் அறை எழுப்ப வருகிறார் என்றால், அவர் பையில் மாநில அரசு கொடுத்த ஓர் அட்டை இருக்க வேண்டும். அட்டையில் இருக்கும் எண்ணை அவர் ஒப்பந்தத்தாளில் எழுத வேண்டும், விளம்பரத்தில் போட வேண்டும். டெக்சாஸில் அதே ஆள் அறை என்ன, அஸ்திவாரம் முதல் கூரை வரை முழு வீட்டையே கட்டிக் கொடுக்கலாம். மாநில அரசு அவரிடம் எந்த அட்டையும் கேட்பதில்லை. ஆனால் அந்த வீட்டில் வெந்நீர்க் கொதிகலனைக் குழாயோடு இணைக்க வருபவரிடம் கேட்கும். ஒயர் இழுப்பவரிடமும் ஏசி பொருத்துபவரிடமும் கேட்கும். இந்த வேறுபாட்டுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் அரசியல்: கலிஃபோர்னியாக்காரர்களுக்குச் சட்டம் போடப் பிடிக்கும், டெக்சாஸ்காரர்களுக்கு அரசாங்கத்தைக் கண்டாலே ஆகாது. கேட்பதற்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் நூறாண்டு வரலாற்றைப் புரட்டினால் இரண்டு மாநிலங்களும் ஏறத்தாழ ஒரே மாதிரியான விபத்துகளைக் கண்டு, ஒரே மாதிரி பயந்து, சில சட்டங்களை ஒரே மாதிரி இயற்றியும் இருக்கின்றன. காண்ட்ராக்டர் தரமானவரா என்ற கேள்வியை எப்போது கேட்பது என்பதில்தான் பிரிந்தன. கலிஃபோர்னியா வேலை தொடங்குமுன் கேட்டது. வேலை கெட்டுப்போனால் நீதிமன்றம் கேட்டுக்கொள்ளும் என்று டெக்சாஸ் விட்டது. டெக்சாஸின் ஏற்பாடும் நியாயமான ஏற்பாடுதான் என்பது என் கருத்து. அந்த நீதிமன்றக் கதவு திறந்திருந்த காலம் வரைக்கும்.

கலிஃபோர்னியாவின் கதை 1920களின் லாஸ் ஏஞ்சலஸில் தொடங்குகிறது. 1920இல் அந்நகரத்தின் மக்கள்தொகை 5,76,673. பத்தே ஆண்டுகளில் அது 12,38,048 ஆனது. இரட்டிப்புக்கும் மேல் பெருகிய ஊரில் வந்தவர்கள் எல்லோருக்கும் வீடு வேண்டும். சுத்தியல் பிடிக்கத் தெரிந்தவரெல்லாம் கட்டடக்காரர் ஆகிவிடலாம் என்ற நிலை. இதற்கிடையே 1928 மார்ச் 12ஆம் தேதி நள்ளிரவுக்குச் சற்று முன் செயின்ட் பிரான்சிஸ் அணை உடைந்து நானூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அணையை எழுப்பிய வில்லியம் முல்ஹாலண்ட் அன்று பகலில்தான் அங்கே போய், கசிவைப் பார்த்து, பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லித் திரும்பியிருந்தார். லாஸ் ஏஞ்சலஸுக்குத் தண்ணீர் கொண்டுவந்தவர் என்று கொண்டாடப்பட்ட அவர், பொறியியலைக் கல்லூரியில் படிக்காமல் வேலையிலேயே கற்றுத் தேறியவர். மறு ஆண்டே, 1929இல், சிவில் பொறியாளர்கள் மாநிலத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்ற சட்டம் வந்தது. காண்ட்ராக்டர்களுக்கான உரிம அலுவலகமும் அதே 1929இல்தான் தொடங்கியது. இரண்டையும் ஒரே அணையின் பிள்ளைகள் என்று சொல்லிவிட ஆசையாக இருக்கும். ஆனால் தொடக்கத்தில் காண்ட்ராக்டர் உரிமம் என்பது ஒரு பதிவேட்டுக்கு மேல் அதிகமில்லை. திறமையைச் சோதிக்கும் தேர்வு கட்டாயமானது 1938இல்தான். ஒன்பது ஆண்டுகள் அந்த அட்டை, வைத்திருப்பவரின் கைவண்ணத்தைப் பற்றி எதையும் உறுதிசொல்லவில்லை. இந்த விவரத்தை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது, டெக்சாஸ் பக்கம் போகும்போது தேவைப்படும்.

இன்று அந்த அட்டைக்குப் பின்னால் நிறைய இருக்கிறது. கடந்த பத்தாண்டுகளில் குறைந்தது நான்கு ஆண்டு தேர்ந்த தொழிலாளியாக வேலை பார்த்த அனுபவம் வேண்டும். பெரும்பாலானோர் தொழிலறிவுக்கு ஒன்றும் சட்டமும் கணக்குவழக்கும் பற்றி இன்னொன்றுமாக இரண்டு தேர்வுகள் எழுத வேண்டும். 2023 முதல் 25,000 டாலருக்கு ஜாமீன் பத்திரம் கட்ட வேண்டும். பொதுக் கட்டடக்காரருக்கு ‘பி’, மின்வேலைக்கு ‘சி-10’, குழாய் வேலைக்கு ‘சி-36’, பெயின்டருக்கு ‘சி-33’ என்று தொழில் வாரியாகப் பிரிவுகள். ஆனால் தேர்வைவிட, ஜாமீனைவிட, அந்த அட்டையின் பல் வேறோர் இடத்தில் இருக்கிறது. தொழில் சட்டத் தொகுப்பின் 7031ஆம் பிரிவு சொல்வது இவ்வளவுதான்: உரிமம் இல்லாமல் வேலை செய்தவர் கூலி கேட்டு நீதிமன்றம் ஏற முடியாது. இது எவ்வளவு கடுமையானது என்பதைப் பாம் ஸ்பிரிங்ஸ் நகரத்து நீர்விளையாட்டுப் பூங்கா வழக்கு ஒன்று காட்டுகிறது. ஒயாசிஸ் வாட்டர்பார்க் என்ற அந்தப் பூங்கா, பாலைவனத்தின் நடுவே கடலலை எழுப்பும் குளம் ஒன்றைக் கட்ட விரும்பியது. அலை எழுப்பும் கருவியைச் செய்வது நியூயார்க்கைச் சேர்ந்த ஹைட்ரோடெக் நிறுவனம். எங்களிடம் கலிஃபோர்னியா உரிமம் இல்லை, கருவியைத் தருகிறோம், பொருத்தும் வேலை வேண்டாம் என்று அது தயங்கியது. நீங்கள்தான் செய்ய வேண்டும், பணத்துக்கு நாங்கள் பொறுப்பு என்று பூங்கா தரப்பு வற்புறுத்தியது. குளம் கட்டியாயிற்று, அலையும் வந்தது, 1,10,000 டாலர் பாக்கி நின்றுபோனது. ஏமாற்றிவிட்டார்கள் என்று வழக்குப் போட்டால், 1991இல் மாநில உச்ச நீதிமன்றம் கையை விரித்தது: கொடுத்த வாக்கு பொய்யாகவே இருக்கட்டும், உரிமம் இல்லாதவருக்கு இங்கே வழி இல்லை. பத்தாண்டு கழித்து சட்டமன்றம் இன்னும் ஒரு படி போனது. உரிமம் இல்லாதவருக்கு ஏற்கெனவே கொடுத்த பணத்தையும் வீட்டுக்காரர் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்றது, வேலை நன்றாகவே நடந்திருந்தாலும்கூட.

டெக்சாஸின் கதை ஒரு பள்ளிக்கூடத்தில் தொடங்குகிறது. கிழக்கு டெக்சாஸில் நியூ லண்டன் என்ற சிற்றூர், எண்ணெய்க் கிணறுகளால் கொழித்த ஊர். வசதிக்குக் குறைவில்லாத அந்தப் பள்ளி, காசு கொடுத்து வாங்கிக்கொண்டிருந்த எரிவாயுவை நிறுத்திவிட்டு, அக்கம்பக்கத்து எண்ணெய் நிறுவனக் குழாயில் வீணாகப் போகும் வாயுவை இழுத்துக்கொண்டது. அந்தப் பகுதியில் பலரும் செய்ததுதான். மாதம் சில நூறு டாலர் மிச்சம். அந்த வாயுவுக்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லை. தரைக்குக் கீழே இருந்த வெற்றிடத்தில் அது கசிந்து நிறைந்ததை யாரும் அறியவில்லை. 1937 மார்ச் 18ஆம் தேதி பிற்பகல், தொழிற்கல்வி வகுப்பில் மின்சாரத் தேய்ப்பு இயந்திரத்தின் சுவிட்சைப் போட்டார்கள். ஏறத்தாழ 300 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் குழந்தைகள். எரிவாயுவில் நாற்றம் கலக்க வேண்டும் என்று அந்த ஆண்டே டெக்சாஸ் சட்டம் போட்டது. இன்று நம் வீட்டு சிலிண்டர் கசிந்தால் மூக்கில் ஏறும் அந்த நெடி ஊர் ஊராகக் கட்டாயமானதில் அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் பெரும்பங்கு உண்டு. பொறியாளர் பதிவுச் சட்டமும் அதே 1937இல் வந்தது. அணை உடைந்து கலிஃபோர்னியா செய்ததைத்தான், பள்ளி வெடித்து டெக்சாஸும் செய்தது. இதுவரை இரு மாநிலங்களும் ஒரே பாதையில்.

பிரிவது இதற்குப் பிறகு. 1947இல் டெக்சாஸ் பிளம்பர்களுக்கு மாநில உரிமம் கொண்டுவந்தது. 1983இல் ஏசி வேலைக்காரர்களுக்கு. எலக்ட்ரீஷியன்களுக்கு மாநிலம் முழுவதற்கும் ஒரே உரிமம் வந்தது 2003ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான். அதுவரை நகரத்துக்கு நகரம் தனித்தனி. வரிசையைப் பார்த்தால் ஒரு தர்க்கம் தெரிகிறது. வாயு, மின்சாரம், அழுத்தத்தில் ஓடும் குளிர்பதன வாயு: மூன்றும் கண்ணுக்குத் தெரியாமல் ஆளைக் கொல்லக்கூடியவை, வீட்டுக்காரர் நின்று பார்த்தாலும் பிழை புலப்படாதவை. சுவர் கோணலாக இருந்தால் யாருக்கும் தெரியும், கூரை ஒழுகினால் தலையில் சொட்டும். அதை வாங்குபவரும் விற்பவரும் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும் என்பது கணக்கு. தமிழ்நாட்டு வாசகருக்கு இது அந்நியமாக இருக்காது. இங்கும் மின்வேலை ஒப்பந்ததாரருக்கு மின் உரிம வாரியத்தின் உரிமம் வேண்டும். தனியார் வீடு கட்டும் மேஸ்திரிக்கோ காண்ட்ராக்டருக்கோ அப்படி ஒரு தேர்வு கிடையாது. ஆனால் இந்தத் தர்க்கத்தில் ஓட்டை இருக்கிறது, டெக்சாஸின் மண்ணிலேயே இருக்கிறது. டாலஸ், ஆஸ்டின் வழியாக ஓடும் கரும்புல்வெளி நிலம் நம் கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசலுக்குச் சொந்தக்கார மண். மழையில் உப்பும், வெயிலில் பிளக்கும். அதன்மேல் சரியான ஆழமும் கம்பிக்கட்டும் இல்லாமல் கான்கிரீட் தளம் போட்டால் இரண்டு மூன்று கோடைக்குள் கதவு நிலையை விட்டு நகரும், சுவரில் படிக்கட்டுப் படிக்கட்டாக விரிசல் ஓடும். அஸ்திவாரத்தைச் சரிசெய்வது அங்கே தனித் தொழிலாகவே நடக்கிறது. வீடு வாங்குபவர் சாவி வாங்கும் நாளில் அந்தத் தளம் கம்பளத்துக்கு அடியில் கிடக்கும். வாயுவைப் போலவே அதுவும் கண்ணுக்குத் தெரியாததுதான்.

அப்படியானால் டெக்சாஸ் எப்படிச் சமாளித்தது? நீதிமன்றத்தால். 1968இல் அம்மாநில உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு விதவையின் வழக்கு வந்தது. புது வீடு வாங்கிக் கணப்படுப்பை முதல்முறை மூட்டினார். புகைபோக்கி சரியாகக் கட்டப்படாததால் வீடே தீப்பிடித்தது. கட்டியவரின் பதில் பழைய சந்தை வழக்கம்: பார்த்து வாங்கியிருக்க வேண்டியது உங்கள் பொறுப்பு. நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. புது வீட்டை விற்பவர், அது குடியிருக்கத் தகுதியானது, ஒழுங்காகக் கட்டப்பட்டது என்ற உத்தரவாதத்தை வாயால் சொல்லாவிட்டாலும் தந்ததாகவே பொருள் என்று தீர்ப்பளித்தது. ஐந்து ஆண்டு கழித்து, 1973இல், ஏமாற்று வணிகத்துக்கு எதிராக வலுவான நுகர்வோர் சட்டமும் வந்தது. முன்வாசலில் காவலாளி இல்லை. பின்வாசலில் கம்பு ஓங்கிய ஆள் நின்றார். வேலையைக் கெடுத்தால் நஷ்டஈடு கொடுக்க வேண்டிவரும் என்ற பயமே தேர்வாக இருந்தது. இதில் ஒரு நன்மையும் உண்டு, ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். கையில் வித்தை இருந்தும் காகிதம் இல்லாத ஆளுக்கு டெக்சாஸ் வழிவிட்டது. அலை எழுப்பும் குளத்தைக் கட்டியவர் அங்கே கட்டியிருந்தால் காசு வாங்கியிருப்பார்.

இந்த உடன்பாடு உடைந்தது 2002, 2003 ஆகிய இரண்டே ஆண்டுகளில். முதலில் 2002இல், வேலை எப்படி நடக்க வேண்டும், எந்தத் தரத்தில் இருக்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிட்டால், ஒழுங்கான வேலைக்கான அந்தச் சொல்லாத உத்தரவாதத்துக்கு இடமில்லை என்று டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. குடியிருக்கத் தகுதி என்பதை மட்டும் அப்படி எளிதில் எழுதித் தள்ள முடியாது என்றது. ஒப்பந்தத்தை எழுதுபவர் யார்? கட்டுபவர்தான். மறு ஆண்டு சட்டமன்றம் குடியிருப்புக் கட்டுமான ஆணையம் என்ற புது அமைப்பை உண்டாக்கியது. பெயரைக் கேட்டால் கலிஃபோர்னியாவின் காண்ட்ராக்டர் உரிம வாரியத்தின் தம்பி மாதிரி இருக்கும். கட்டடக்காரர்கள் இதில் பதிவு செய்ய வேண்டும். ஆனால் தேர்வு இல்லை, அனுபவச் சான்று இல்லை. உறுப்பினர்கள் ஒன்பது பேரில் நான்கு பேர் வீடு கட்டும் தொழிலைச் சேர்ந்தவர்கள். முக்கியமான அம்சம் வேறு: வீட்டில் குறை கண்டவர் வழக்குப் போடுமுன் இந்த ஆணையத்தின் ஆய்வு வழியாகப் போயாக வேண்டும். ஆய்வாளர் வந்து, ஆமாம், விரிசல் இருக்கிறது என்று எழுதினாலும், சரிசெய்து கொடு என்று கட்டியவருக்கு உத்தரவிடும் அதிகாரம் ஆணையத்துக்கு இல்லை. முன்வாசலில் காவலாளியின் சட்டையை மட்டும் மாட்டிவைத்துவிட்டு, பின்வாசலில் வரிசை கட்டி நிற்கச் சொன்னதுபோல் ஆனது. 2008இல் அரசு அமைப்புகளை மதிப்பிடும் ஆணைக்குழுவின் அலுவலர்களே இதைக் கலைத்துவிடலாம் என்று பரிந்துரைத்தார்கள். 2009 கூட்டத்தொடரில் யாரும் ஆயுளை நீட்டிக்கவில்லை. 2010இல் கதவை மூடியது.

சரி, இதுவே உரிமங்களுக்கு எதிரான சாட்சியம் ஆகாதா என்று கேட்கலாம். தொழிலை ஒழுங்குபடுத்தப் பிறக்கும் வாரியம் கடைசியில் தொழில்காரர்களின் மடியில் போய் உட்காரும் என்று பொருளாதாரத்தில் மில்டன் ஃப்ரீட்மன் காலத்திலிருந்து ஒரு கட்சி சொல்லிவருகிறது. டெக்சாஸ் ஆணையம் அதற்கு அச்சடித்த உதாரணம் போலத் தெரிகிறது. ஆனால் கலிஃபோர்னியாவின் முதல் ஒன்பது ஆண்டுகளை இங்கே பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அதுவும் தேர்வில்லாத வெறும் பதிவேடாகத்தான் தொடங்கியது. தேர்வும், உரிமம் இல்லாதவர் கூலி கேட்க முடியாது என்ற விதியும் சேர்ந்த பிறகே அந்த அட்டைக்கு எடை வந்தது. பதிவு என்பது ஓர் அரசு தன்னிடம் பெயர்ப்பட்டியல் இருக்கிறது என்று சொல்வது; உரிமம் என்பது தகுதி பார்த்துவிட்டேன் என்று சொல்வது. டெக்சாஸில் தோற்றது முதலாவது. அதைக் காட்டி இரண்டாவதை நிராகரிக்க முடியாது. இதைவிட முக்கியமாக, அந்த ஆணையத்தின் குறை காண்ட்ராக்டர்களைக் கட்டுப்படுத்தியதில் இல்லை, வீட்டுக்காரர்களைக் கட்டுப்படுத்தியதில் இருந்தது.

இன்னொரு ஆட்சேபத்துக்கு இவ்வளவு சுலபமாகப் பதில் சொல்ல முடியாது. நான்கு ஆண்டு அனுபவம், தேர்வு, ஜாமீன் என்று வேலி கட்டினால் உள்ளே இருப்பவர்களுக்கு வசதி, வெளியே இருப்பவர்களுக்குக் கஷ்டம். செலவு கடைசியில் வீட்டுக்காரர் தலையில். உண்மைதான். கலிஃபோர்னிய வீட்டு விலையைக் காட்டி இதை நிரூபிக்கப் பார்ப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை, அந்த விலையில் நிலத்தின் பங்கும் நில உபயோக விதிகளின் பங்கும் காண்ட்ராக்டர் உரிமத்தின் பங்கை விழுங்கிவிடும். ஆனால் வேலி வேலிதான். அதற்கு வெளியே ஒரு பெரிய உரிமமற்ற சந்தை அங்கே இயங்குகிறது என்பதற்கு வாரியத்தின் நடவடிக்கையே சாட்சி: அதிகாரிகள் ஒரு வீட்டில் வீட்டுக்காரர்களைப் போல உட்கார்ந்து, விளம்பரம் பார்த்து ஒவ்வொருவராக வரவழைத்து, விலை சொன்னவுடன் உள்ளறையிலிருந்து வெளிவந்து சம்மன் கொடுக்கிறார்கள். வருபவர்களில் மோசடிக்காரர்களும் உண்டு, வயிற்றுப்பாட்டுக்குத் தரை ஓடு ஒட்டுபவர்களும் உண்டு. இதை மாநிலம் உணர்ந்திருக்கிறது என்பதற்கும் அடையாளம் இருக்கிறது. சமூகப் பாதுகாப்பு எண் இல்லாத குடியேறிகள் வரி எண்ணை வைத்து உரிமம் கேட்கலாம் என்று 2014இல் சட்டம் திருத்தினார்கள். சில்லறை வேலைகளுக்கு 500 டாலர் வரை இருந்த விலக்கை, அனுமதி தேவைப்படாத, உதவியாள் வைக்காத வேலை என்றால், 2025 முதல் 1,000 டாலராக உயர்த்தினார்கள். நிறுவனத்தின் சார்பில் ஒருவர் தேர்வெழுதினால் போதும் என்பதால் அட்டையை வாடகைக்கு விடும் பழக்கமும் உண்டு. மருந்துக்கடைச் சுவரில் சான்றிதழ் மட்டும் தொங்கிக்கொண்டு, சான்றிதழுக்கு உரியவர் கண்ணில் படாத கதை நமக்குப் புதிதா என்ன? வேலி இல்லாத பக்கத்தில் யார் விலை கொடுக்கிறார்கள் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். தனியார் முதலாளி தொழிலாளர் விபத்துக் காப்பீடு எடுப்பதை விருப்பத்துக்கு விட்டிருக்கும் ஒரே மாநிலம் டெக்சாஸ். கூரையிலிருந்து விழுந்தவரின் மருத்துவச் செலவு மலிவான கொட்டேஷனில் எழுதப்படுவதில்லை.

இரு ஏற்பாடுகளும் பேரிடர் நாட்களில்தான் நேருக்கு நேர் தெரிகின்றன. புயலடித்த ஊருக்கு, தண்ணீர் வடியுமுன்பே வெளியூர் வண்டிகளில் கூரைக்காரர்கள் வந்துவிடுவார்கள். முன்பணம் வாங்குவார்கள், சிலர் அத்தோடு காணாமல் போவார்கள். கலிஃபோர்னியாவில் வீட்டு மராமத்துக்கு முன்பணம் எந்நாளும் ஒப்பந்தத் தொகையில் பத்தில் ஒரு பங்கு அல்லது 1,000 டாலர், எது குறைவோ அதுவே. பேரிடர் அறிவிக்கப்பட்ட இடத்தில் உரிமம் இல்லாமல் வேலை எடுப்பது பெருங்குற்றமாகவே வழக்காகலாம். அட்டையே இல்லாத டெக்சாஸ் என்ன செய்வது? 2011இல் அது கண்ட வழி சுவாரசியமானது. பேரிடர்ச் சீரமைப்பு வேலைக்கு, அந்த மாவட்டத்திலோ பக்கத்து மாவட்டத்திலோ குறைந்தது ஓராண்டு கடை வைத்திருக்காத ஆள், வேலை தொடங்குமுன் ஒரு காசுகூடக் கேட்கக் கூடாது. அட்டைக்குப் பதில் முகவரி. ஊர்க்காரன் என்றால் நம்பலாம், வந்தேறி என்றால் வேலையைக் காட்டட்டும் என்ற பழைய கிராமத்து நியாயத்தைச் சட்டப் புத்தகத்தில் ஏற்றிவிட்டார்கள். காண்ட்ராக்டரை முன்கூட்டியே எடைபோடாமல் ஒரு மாநிலத்தால் இருக்க முடியவில்லை என்பதற்கு இதைவிட நல்ல ஒப்புதல் வேண்டியதில்லை.

டெக்சாஸில் பெரும்பாலான அரசு அமைப்புகளுக்குக் காலாவதித் தேதி உண்டு. சட்டமன்றம் புதுப்பிக்காவிட்டால் தானாகவே மறையும். 1977இல் வந்த இந்த முறைதான் கட்டுமான ஆணையத்தைச் சத்தமில்லாமல் முடித்துவைத்தது, அதற்காக யாரும் அழுததாகத் தெரியவில்லை. 2019இல் அதே தேதி பிளம்பர் வாரியத்துக்கு வந்தது. அதன் வேலையை வேறோர் அமைப்போடு சேர்ப்பதா என்ற சண்டையில் மசோதா நிறைவேறாமல் கூட்டத்தொடர் முடிந்தது. 1947 முதல் இருந்த வாரியமும் உரிமச் சட்டமும் காலாவதியாகும் நிலை. இம்முறை பிளம்பர்கள் கொதித்தார்கள். உரிமம் ஒழிந்தது, சந்தைக்கு விடுதலை என்று கொண்டாட வேண்டிய ஆளுநர் கிரெக் அபாட், இரண்டாண்டுக்கு முன் அடித்த ஹார்வி புயலின் சீரமைப்பு இன்னும் முடியவில்லை, அதற்குத் தகுதியான பிளம்பர்கள் வேண்டும் என்று காரணம் காட்டி, பேரிடர் அதிகாரத்தின் கீழ் உத்தரவு போட்டு வாரியத்தின் உயிரை 2021 வரை நீட்டித்தார். 2021இல் சட்டமன்றம் அதை முறைப்படி புதுப்பித்தது. அந்த பிளம்பர் குழாய் பதிக்கும் வீட்டின் அஸ்திவாரத்தைப் போடுபவரிடம் இன்றும் மாநிலம் எதுவும் கேட்பதில்லை.